ஜப்பான் கத்தியை யாரிடம் நம்பிக் கொடுப்பது?

சமையலறைக் கேள்வி பதில் பகுதிக்கு இந்த முறை வந்தவற்றில் கத்திக் கேள்விகளே அதிகம், அதிலும் எல்லாம் ஜப்பான் கத்தி. ஆசைப்பட்டு விலை கொடுத்து வாங்கிவிடுகிறோம், கூர் போனதும் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் டிராயரில் போட்டுவிட்டுப் பழைய கத்திக்கே திரும்பிவிடுகிறோம். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: டோக்கியோவில் நிஷிகசாய் பக்கம் இருக்கிறோம். கப்பாபாஷி கடைத்தெருவில் வாங்கிய 21 செ.மீ. கியுதோ (பல வேலைக்கும் ஆகிற சமையல் கத்தி) இப்போது தக்காளித் தோலிலேயே வழுக்குகிறது. சூப்பர்மார்க்கெட் வாசலில் மாதம் ஒரு நாள் வண்டி போட்டுக் கத்தி தீட்டுகிற ஒருவர் வருகிறார். அவரிடம் கொடுக்கலாமா, வாங்கின கடைக்கே போகணுமா? எனக்கு ஜப்பானிய மொழி அரைகுறைதான்.
– டோக்கியோ வாசகி

பதில்: முதலில் வாங்கின கடையிலேயே கேளுங்கள். கத்தி விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் கடைகள் அநேகமாகத் தீட்டியும் தருகின்றன, கப்பாபாஷியில் அப்படிப்பட்ட கடைகள் பல. உங்கள் கத்தி என்ன எஃகு, எந்தக் கோணத்தில் வாய் (வெட்டுகிற ஓரம்) வைத்தது என்பதெல்லாம் நீங்கள் சொல்லாமலே அவர்களுக்குத் தெரியும். கையோடு வாங்கி வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சில நாள் ஆகலாம், வெளிப் பட்டறைக்கு அனுப்பி வாங்கித் தருகிற கடையும் உண்டு. அனுப்புவது தப்பே இல்லை. ஓசாகாவை ஒட்டிய சகாய் நகரத்தில் கத்தி பிறப்பதே அப்படித்தான், இரும்பை அடிக்கிறவர் ஒருவர், தீட்டி வாய் வைக்கிறவர் இன்னொருவர், கைப்பிடி போடுகிறவர் வேறொருவர். தீட்டுவது மட்டுமே அங்கே ஆயுள் முழுக்கச் செய்கிற தனித் தொழில். அதனால் யார் தீட்டுவார்கள், இங்கேயா வெளியிலா என்று தயங்காமல் கேளுங்கள், மழுப்பாமல் சொல்கிற கடையை நம்பலாம்.

வண்டிக்காரர் விஷயம் ஆளைப் பொறுத்தது. வண்டியில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். தண்ணீரில் ஊறுகிற கற்கள், அல்லது தண்ணீர் சொட்டச் சொட்ட மெதுவாகச் சுற்றும் பெரிய கல் இருந்தால் பேச்சுக் கொடுக்கலாம். காய்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றிப் பொறி பறந்தால் ஒரு வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இயந்திரம் என்றாலே ஆகாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள், அது சரியில்லை, ஜப்பான் பட்டறைகளிலேயே சுழல் கல்லில்தான் பெரிய வேலைகள் நடக்கின்றன, ஆனால் பொதுவாகத் தண்ணீர் இல்லாமல் ஓட்ட மாட்டார்கள்.

அப்புறம், கத்தியைக் கையில் வாங்கியதும் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள், எனக்கு இதுதான் பெரிய பரீட்சை. வேலை தெரிந்தவர் எடுத்த எடுப்பில் கல்லில் வைக்க மாட்டார். வாயை மேல்பக்கம் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டி, கைப்பிடியை ஒட்டின இடத்திலிருந்து நுனி வரைக்கும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே போவார். கூராக இருக்கிற இடத்தில் வெளிச்சம் நிற்காது, மழுங்கின இடமும் உடைந்த இடமும் மட்டும் வெள்ளையாக மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். முதுகை நீளவாக்கில் நோட்டம் விட்டுக் கத்தி வளைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேள்விகள் வரும்: என்ன நறுக்குவீர்கள், எலும்பு வெட்டினீர்களா, இடது கைப் பழக்கமா, கடைசியாக எப்போது தீட்டியது, யார் தீட்டியது. இது எதுவும் இல்லாமல் எல்லாக் கத்திக்கும் ஒரே விலை, ஐந்தே நிமிஷம் என்று சொல்கிறவரிடம் காய்கறி நறுக்கும் சாதாரணக் கத்தியைக் கொடுங்கள், கியுதோவைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மொழி தடையாக இருந்தால் 'தெதோகி தெஸ் கா' என்று கேட்டாலே போதும், கையால்தான் தீட்டுகிறீர்களா என்று விசாரிப்பது புரிந்துவிடும்.

உங்களுக்கு இன்னொரு இடமும் இருக்கிறது. ஜப்பான் ஊர்களில் 60 வயதைத் தாண்டியவர்களுக்குச் சின்னச் சின்ன வேலைகள் எடுத்துக் கொடுக்கிற 'சில்வர் ஜின்சாய் சென்டர்' என்ற அமைப்பு உண்டு, அதில் பல ஊர்க் கிளைகள் கத்தி தீட்டும் வேலையும் செய்கின்றன. கூலி குறைவு. ஆளுக்கு ஆள் கை வேறுபடும் என்பதால் முதல் தடவை தினசரிக் கத்தியைக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் பகுதி அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வாய் நீளம் 6 செ.மீ.க்கு மேற்பட்ட கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே எடுத்துச் செல்வது ஜப்பானில் சட்டப்படி குற்றம். தீட்டக் கொண்டுபோவது தகுந்த காரணம்தான், ஆனாலும் அட்டையை மடித்து உறை போட்டு, துணி சுற்றி, டேப் ஒட்டிப் பையின் அடியில் வையுங்கள். வீட்டிலிருந்து நேரே கடை, கடையிலிருந்து நேரே வீடு. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துக்கொள்ளலாம் என்று காரிலேயே போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: ஜப்பானில் வேலை செய்கிற என் தம்பி போன லீவுக்கு வந்தபோது விஜி-10 என்கிற எஃகில் செய்த சான்டோகு கத்தி (காய்கறி, மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் ஆகிற வீட்டுக் கத்தி) ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். எங்கள் தெருவுக்குச் சைக்கிளில் சாணை பிடிக்கிற பெரியவர் வருவார், அரிவாள்மனையிலிருந்து கத்திரிக்கோல் வரை எல்லாம் அவர் கைதான். இதையும் அவரிடமே கொடுக்கலாமா?
– சென்னை மயிலாப்பூர் வாசகி

பதில்: அரிவாள்மனைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது, அதைத் தொடர்ந்து அவரிடமே கொடுங்கள். இந்தக் கத்தியை மட்டும் வேண்டாம். பெரியவர் கையில் குறை இல்லை, அவருடைய சக்கரத்துக்கும் இந்த எஃகுக்கும்தான் ஒத்துவராது.

எஃகின் கடினத்தை ராக்வெல் அளவில் சொல்வார்கள். வழக்கமான ஜெர்மன் சமையல் கத்தி 56லிருந்து 58 வரை இருக்கும், விஜி-10 கத்திகள் 60ஐ ஒட்டி வரும். கடினம் கூடக்கூட வாயை மெலிசாக வைக்கலாம், மேலைநாட்டுக் கத்திக்குப் பக்கத்துக்கு 20 டிகிரி வாக்கில் என்றால் இதற்கு 15 டிகிரி போதும், அதனால்தான் வெங்காயத்தில் தானாக இறங்குகிறது. ஆனால் கடினமான எஃகு மடங்காது, உடையும். கரடான சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் வாய் நெடுகப் பொடிப்பொடியாகப் பல் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து சூடு. கத்தியைக் காய்ச்சிக் குளிரவைத்துக் கடினமாக்கிய பிறகு, முறுக்கு கொஞ்சம் தளர்வதற்காக மறுபடி இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்துவார்கள், கார்பன் எஃகுக் கத்திகளுக்கு அது 150லிருந்து 200 டிகிரி செல்சியஸ் வாக்கில். வாய் அதைத் தாண்டிச் சூடேறினால் பதம் இறங்கிவிடும். தண்ணீர் படாத சக்கரத்தில் இது நடக்க ஒரு நொடி போதும், ஏனென்றால் ஓரம் காகிதத்தைவிட மெலிசு, அங்கே பிறக்கிற சூடு ஓடி ஒளிய இடமில்லை. கத்தியின் உடம்பைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஓரம் அதற்குள் கெட்டிருக்கும், கண்ணுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்த அன்று ஜோராக நறுக்கும், கொஞ்ச நாளில் மொக்கையாகிவிடும், பழி கத்தி மேல் விழும்.

சரி, சென்னையில் வேறு யார்? ஜப்பானிய உணவகத்தில் மீன் வெட்டுகிற சமையல்காரர்கள் பொதுவாகத் தங்கள் கத்தியைத் தாங்களே கல்லில் தீட்டிக்கொள்கிறவர்கள். மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் போய், நீங்கள் தீட்டித் தருவீர்களா, இல்லை யாரிடமாவது கொடுக்கிறீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். பல பேர் முடியாது என்பார்கள், ஆனால் ஆள் தெரிந்தால் சொல்லிவிடுவார்கள். அப்படி யாராவது கிடைத்தாலும் முதலில் மலிவான கத்தி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். சான்டோகுவைக் கொடுக்கும்போது, கொடுக்கிறதுக்கு முன்னால் அதை வெள்ளைத் தாளில் படுக்க வைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் அதே கோட்டில் வைத்துப் பார்த்தால், சாதாரணமாகத் தீட்டின கத்தியில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இருக்காது. கோட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நன்றாக இடைவெளி தெரிந்தால் அந்த ஆள் உங்கள் கத்தியின் ஆயுளில் சில வருஷத்தைத் தேய்த்துத் தள்ளிவிட்டார்.

யாருமே கிடைக்கவில்லையா, 1000 நம்பர் (நடுத்தர நைசு) தண்ணீர்க் கல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கத்தியில் சில ஞாயிற்றுக்கிழமை பழகினால் வீட்டுச் சமையலுக்குத் தேவையான கூர் உங்கள் கையிலேயே வந்துவிடும். வாயில் பல் விழுந்தால் மட்டும் ஆள் தேடினால் போதும்.

கேள்வி: யனகிபா மீன் கத்தியைத் தீட்டக் கொடுத்தேன், கடைக்காரர் இரண்டு பக்கமும் சரிவு வைத்துவிட்டார். இப்போது மீன் துண்டு நேராக விழாமல் சாய்ந்துகொண்டு போகிறது. சரிசெய்ய முடியுமா சார்?
– சிங்கப்பூர் வாசகர்

பதில்: முடியும், எவ்வளவு ஆழமாக வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. யனகிபா, மீனை அறுத்துச் சுத்தம் செய்கிற தெபா, காய்கறி நறுக்குகிற உசுபா மூன்றும் வழக்கமாக ஒற்றைப் பக்கக் கத்திகள். முன்பக்கம் அகலமான சரிவு. பின்பக்கம் பார்த்தால் தட்டை போலத் தெரியும், உண்மையில் நடுவில் லேசாகக் குழிந்திருக்கும், சுற்றியிருக்கிற மெல்லிய ஓரம் மட்டும்தான் கல்லைத் தொடும். தீட்டுகிற வேலை முழுக்க முன்பக்கத்தில், பின்பக்கத்தைக் கல்லில் அப்படியே படுக்க வைத்து இரண்டு மூன்று இழுப்பு இழுத்து, தீட்டும்போது ஓரத்தில் எழும்புகிற பிசிறை எடுப்பதோடு சரி. அங்கே கோணம் வைத்துத் தேய்க்கிறவருக்கு இந்த வகைக் கத்தி தெரியாது என்று அர்த்தம்.

பின்பக்கம் வைத்த சரிவு மறைகிற வரைக்கும் முன்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வரணும், அதுதான் வைத்தியம். மெல்லிய கோடு அளவுக்குத்தான் தேய்த்திருக்கிறார் என்றால் கவலைப்படாதீர்கள், கத்தி கொஞ்சம் ஒல்லியாகும், அவ்வளவே. குழிவையே தின்றுவிட்டார் என்றால் பின்பக்கத்தில் புதிதாகக் குழிவு எடுக்கணும், அது தெருமுனைக் கடை வேலை இல்லை, செய்த பட்டறைக்கோ அதுபோன்ற இடத்துக்கோதான் போகணும், அதற்கு ஆகும் செலவைப் புதுக் கத்தி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். தப்பாகத் தீட்டினவரிடமே சரிசெய்யக் கொடுக்காதீர்கள், அவர் இலவசமாகச் செய்கிறேன் என்றாலும். அடுத்து யாரிடம் போனாலும் பேச்சை நம்பாமல், நீங்கள் தீட்டின ஒற்றைப் பக்கக் கத்தி ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டுப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: கத்தியோடு வந்த ஸ்டீல் கம்பியில் தினமும் இரண்டு இழுப்பு இழுத்தால் போதாதா? எதற்கு இவ்வளவு தொல்லை?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: ஜெர்மன் கத்திக்குப் போதும், அதில் வாய் மடங்கும், கம்பி அதை நிமிர்த்தும். ஜப்பான் கத்திக்குக் கம்பியும் வேண்டாம், பள்ளத்தில் விட்டு இழுக்கிற பிளாஸ்டிக் பெட்டியும் வேண்டாம்.

கேள்வி: டொராண்டோவில் ஒரு கடையில் தீட்டி வாங்கினேன். காகிதத்தை வெட்டிக் காட்டினார், கை முடியைக்கூட மழித்துக் காட்டினார். நல்ல வேலை என்று நம்பலாமா?
– டொராண்டோ வாசகர்

பதில்: அந்த வித்தையெல்லாம் வாயில் பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கிற கத்தியும் காட்டும். தீட்டும்போது ஓரத்தில் மெல்லிய கம்பி போலப் பிசிறு எழும்பும், கடைசியில் அதை முழுக்க எடுத்துவிடணும், எடுக்காமல் விட்டால் முதல் நாள் பிளேடு மாதிரி இருந்துவிட்டுப் பலகையில் நாலு தரம் பட்டதும் உதிர்ந்துபோகும்.

வீட்டிலேயே இப்படிப் பாருங்கள். பழைய பருத்தித் துணியில் வாயை, வெட்டுகிற திசைக்கு எதிர்ப்பக்கமாக, லேசாக வழித்தால் நூல் மாட்டக் கூடாது. விளக்குக்கு நேரே பிடித்தால் வாய் நெடுக ஒரு புள்ளியும் மின்னக் கூடாது. இரண்டு பக்கச் சரிவும் நெடுக ஒரே அகலத்தில் போகணும், நுனி உருண்டிருக்கக் கூடாது. இதில் பல பேர் பார்க்கத் தவறுவது கைப்பிடியை ஒட்டின கடைசி மூன்று விரற்கடை இடம். இயந்திரத்தில் தீட்டும்போது அங்கே கூடுதலாகத் தேய்ந்து பள்ளம் விழுந்துவிடும், பள்ளம் விழுந்தால் அந்த இடம் பலகையைத் தொடாது. வெங்காயத்தாளை நறுக்கிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், துண்டுகள் பிரியாமல் ஒன்றோடொன்று தொங்கினால் கொண்டுபோய்க் கடைக்காரர் முன்னாலேயே நறுக்கிக் காட்டுங்கள். இதையெல்லாம் தாண்டி இரண்டு வாரம் கழித்தும் தக்காளியில் அழுத்தாமலே இறங்கினால் அந்தக் கடையை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: வீட்டு உபயோகத்துக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை தீட்டக் கொடுக்கணும்? ஜப்பானில் என்ன கூலி ஆகும்?
– ஓசாகா வாசகி

பதில்: நாள்தோறும் சமைக்கிற வீடு, நடுவில் நீங்களாகக் கல்லில் வைப்பதில்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் சரியாக இருக்கும். சில தடவைக்கு ஒருமுறை, வாய்க்கு மேலே இருக்கிற பகுதியையும் மெலிதாக்கித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேயத் தேயத் தடித்த பகுதி கீழே இறங்கி வந்து, கத்தி கூராக இருந்தும் காரட்டைப் பிளக்குமே தவிர நறுக்காது. கேட்காமலே இதைச் சொல்கிற ஆள் கிடைத்தால் அவர் கடை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூலி பொதுவாகக் கத்தியின் நீளத்தைப் பொறுத்தது, சாதாரண வீட்டுக் கத்திக்கு ஆயிரம் யென்னுக்கு முன்னே பின்னே, பல் விழுந்திருந்தாலும் ஒற்றைப் பக்கக் கத்தி என்றாலும் கூடும். எவ்வளவு கூடும் என்பதைக் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை இதன் மேல் நறுக்குகிறவராக இருந்தால் ஆறு மாதக் கணக்கெல்லாம் செல்லாது, முதலில் ஒரு மரப்பலகை வாங்குங்கள்.