வீட்டில் எலி இல்லை; எலிக்காய்ச்சல் வருமா?

கேள்வி: மயிலாடுதுறையில் வாய்க்காலை ஒட்டிய தெருவில் இருக்கிறோம். ஐப்பசி பிறந்ததிலிருந்து மழைக்கால எச்சரிக்கையை ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். போன மழைக்கு எங்கள் தெருவில் மூன்று நாள் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. என் கணவர் வெறுங்காலோடு இறங்கி அடைப்பெடுத்தார். அவருக்கு 52 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இப்போது இரண்டு காலிலும் சேற்றுப்புண். அடுத்த தெருக்காரர் ஒருவரை எலிக்காய்ச்சல் என்று தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் எலியே கிடையாது. எங்களுக்கும் வருமா? தடுப்பு மாத்திரை இருக்கிறதாமே, கடையில் வாங்கிச் சாப்பிடலாமா? மாமியாருக்கு 70 வயது. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுழுக்குக்குக் காவிரித் துலாக் கட்டம் போயே தீருவேன் என்கிறார். அனுப்பலாமா?

பதில்: வரலாம் அம்மா. உங்கள் வீட்டில் எலி இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாசலில் மூன்று நாள் நின்ற தண்ணீர் எந்தெந்த வளைக்குள் புகுந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்த மாதத்தில் நம் பக்கம் நடப்பதை நினைத்துப் பாருங்கள். குறுவை அறுத்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தின்று எலி பெருகியிருக்கும். பருவமழை இறங்கியதும் வரப்பு வளைகளில் தண்ணீர் ஏறும். எலிகள் மேடு தேடி ஊருக்குள் வரும். சாக்கடை ஓரத்துப் பெருச்சாளிகளோ ஊரை விட்டுப் போவதே இல்லை. இவற்றின் சிறுநீரில் லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி வெளியேறுகிறது. பெயரில்தான் எலி. மாடு, நாய், பன்றி இவற்றின் சிறுநீரிலும் அது வரும். வெயிலில் காய்ந்தால் செத்துவிடும், ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் தாங்கும். ஐப்பசி அடைமழையில் மண் எப்போது காய்கிறது? சிராய்ப்பு, வெடிப்பு, ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் வழியாக அது உடம்புக்குள் போகிறது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக அரிது. அடுத்த தெருக்காரர் வீடு திரும்பியதும் தாராளமாகப் போய்ப் பாருங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் கணவரின் கால்தான். விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்திருக்கிற இடம் கிருமிக்குத் திறந்த வாசல். சர்க்கரைக்காரர்கள் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மற்றவரைத் தூங்கவிடாத எரிச்சல் அவருக்குத் தெரியாமலே போகலாம். அதனால் "வலிக்கலையே" என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். இன்று இரவே நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால் இடுக்கிடுக்காக ஒற்றி உலர்த்துங்கள். பாதி குணம் அதிலேயே இருக்கிறது. குளோட்ரிமசோல் களிம்பு மெல்லியதாகத் தடவலாம். மஞ்சளை அப்பி வைக்காதீர்கள், அதற்கடியில் புண் சிவப்பதும் சீழ் கோப்பதும் கண்ணுக்குத் தெரியாது. பாதம் வீங்கினால், சூடாக இருந்தால், நாற்றம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். புண் ஆறும்வரை அவர் தண்ணீரில் இறங்கவே கூடாது. ஆறிய பிறகும் முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். அந்தப் பூட்ஸையும் கவிழ்த்துத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும், மழைக்காலத்தில் பூரானும் பாம்பும் அதற்குள் ஒண்டும்.

அவருக்குக் காய்ச்சல் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அவர் தண்ணீரில் இறங்கிய தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும், அபூர்வமாக ஒரு மாதம் வரைகூட ஆகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கார்த்திகை மாதம், நாற்பது வயதுக்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல். இரண்டு இடத்தில் ஊசி போட்டும் கேட்கவில்லை. கண் மஞ்சளானதும் காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து மூன்று நாளை ஓட்டியிருந்தார்கள். நானும் முதலில் கல்லீரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனைக் கட்டிலில் ஏறுவதற்குப் படியில் கால் வைத்தவர் ஏற முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். கெண்டைச் சதையை இரண்டு விரலால் லேசாக அழுத்தினேன். என் கையைத் தட்டிவிட்டார். கண்ணைப் பிரித்துப் பார்த்தால் மஞ்சளோடு மஞ்சளாக நல்ல சிவப்பு, பீளை மட்டும் ஒரு பொட்டும் இல்லை. "தண்ணியில நின்னீங்களா?" என்று கேட்டேன். மனைவிதான் பதில் சொன்னார்: "பத்து நாளா நாத்துப் பறிக்கிறாரு, வேற எங்க நிப்பாரு?" அதற்குள் சிறுநீர் வெகுவாகக் குறைந்திருந்தது. டயாலிசிஸ் வரை போய்த்தான் பிழைத்தார். காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே அந்தக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் மாத்திரையோடு தீர்ந்திருக்க வாய்ப்பு உண்டு.

அவர் எதையும் மறைக்கவில்லை. வயலில் நிற்பதும் தெருத்தண்ணீரில் நடப்பதும் நமக்கு ஒரு செய்தியே இல்லை, அதனால் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. ஆகவே உங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், "காய்ச்சல், உடம்பு வலி" என்பதோடு நிறுத்தாமல், "இந்தத் தேதியில் தெருத்தண்ணீரில் இறங்கினார், காலில் புண் இருந்தது" என்று நீங்களாகவே சொல்லுங்கள். முதல் நாட்களில் ரத்தப் பரிசோதனையில் எலிக்காய்ச்சல் இல்லை என்று வரக்கூடும். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் சந்தேகம் வந்தவுடனேயே மருந்தைத் தொடங்குகிறோம். அந்தச் சந்தேகம் எங்களுக்கு வர நீங்கள் சொல்லும் அந்த ஒரு வரி வேண்டும்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். "வலி தாங்கல, ஒரு ஊசி போடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்ளாதீர்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி எலிக்காய்ச்சலில் ஏற்கெனவே நொந்திருக்கும் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். இதே மாதங்களில்தான் டெங்குவும் வருகிறது, அதில் அந்த ஊசி ரத்தக்கசிவைக் கூட்டும். எது என்று தெரியும்வரை பாராசிட்டமால் போதும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலியோ விடாத வாந்தியோ வந்தால் தாமதிக்கக் கூடாது. எந்தக் காய்ச்சலானாலும் கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, சளியில் ரத்தம், பேச்சு தடுமாறுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108-ஐ அழையுங்கள்.

தடுப்பு மாத்திரை இருப்பது உண்மைதான். டாக்ஸிசைக்ளின், வாரத்துக்கு ஒரு முறை 200 மி.கி. சாக்கடை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், வெள்ளத்தில் மீட்பு வேலை செய்கிறவர்கள் போல நாள் தவறாமல் அந்தத் தண்ணீரில் நிற்பவர்களுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பது. தெருவோடு சேர்ந்து எல்லோரும் வாங்கி விழுங்குகிற மாத்திரை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. உங்கள் கணவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைக் காட்டி, தான் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளையும் சொல்லிக் கேட்கட்டும். கொடுத்தால் சாப்பாட்டுக்குப் பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். மாத்திரை சாப்பிடுகிறோமே என்று வெறுங்காலோடு இறங்கவும் கூடாது.

மாமியாரைத் தடுக்காதீர்கள். ஒரு வருடமாகக் காத்திருப்பார். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் படியிலேயே நின்று தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி முழுகலாம், தண்ணீர் மட்டும் வாய்க்குள் போகக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் குளித்துக் காலைத் துடைத்துவிடுங்கள். கடைமுழுக்கன்று மழை கொட்டினால், ஆற்றில் இழுப்பு அதிகமாக இருந்தால், கார்த்திகை முதல் நாள் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நாள் பிந்தி வந்த முடவனுக்கும் முழுப் பலன் கிடைத்தது என்றுதானே அன்றைக்கு முடவன் முழுக்கு நடக்கிறது. அந்தக் கதையை உங்களைவிட நன்றாக அவரே சொல்வார்.