உச்ச வேகத்தில் செல்பவரும் முந்தும் தடத்தை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

அனுமதிக்கப்பட்ட உச்ச வேகத்திலேயே வலது தடத்தில் செல்லும்போது, பின்னால் வருபவர் விளக்கடித்தால் ஏன் விலக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு வேக வரம்பை மீறும் உரிமை இருப்பதால் அன்று, இடது தடம் காலியாக இருக்கையில் முந்துவதற்கான தடத்தில் உங்களுக்கு வேலை இல்லை என்பதால் விலக வேண்டும். (வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.) பிரிட்டனில் காரணமின்றி நடுத்தடத்தைப் பிடித்துக்கொண்டு செல்பவர்களுக்கும் 2013 முதல் போலீஸார் அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதம் விதிக்க முடிகிறது.

தவிர, வேகமானிகள் பெரும்பாலும் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டுவதால், நீங்கள் 100 என்று நம்புவது 95 ஆகவும் இருக்கலாம்.

நானும் ஒரு காலத்தில் "சட்டப்படிதானே போகிறேன்" என்று பிடிவாதமாக வலது தடத்திலேயே சென்றவன்தான். ஒருநாள், வெகுநேரம் பின்னால் ஒட்டி வந்த கார் பொறுமையிழந்து இடப்பக்கமாக முந்தத் தொடங்கிய அதே நொடியில், நானும் மனமிரங்கி இடப்பக்கம் ஒடித்தேன். பக்கக் கண்ணாடியில் அது தெரியவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டுத் திரும்பியபோது அதன் முன்சக்கரம் என் பின்கதவுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவர் செய்தது தவறுதான், ஆனால் அந்தத் தவறுக்கு வழியமைத்துக் கொடுத்தவன் நான்.

முந்துவதற்கு ஆகும் தூரத்தை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். 90 கி.மீ. வேகத்தில் செல்லும் 16 மீட்டர் லாரியை 100 கி.மீ. வேகத்தில் முந்த, முன்னும் பின்னும் 50 மீட்டர் இடைவெளி விட்டால், சுமார் 43 நொடியும் 1.2 கிலோமீட்டர் சாலையும் தேவை; 110-இல் சென்றால் ஏறத்தாழ 22 நொடி போதும். ஆகவே வரம்பு இடமளித்தால் தயங்காமல் முந்தி முடிப்பதே நல்லது, லாரியின் பக்கவாட்டில் அதன் ஓட்டுநர் கண்ணுக்குப் படாத இடத்தில் தொங்கிக்கொண்டு செல்வதுதான் ஆபத்து. லாரியின் இரு முன்விளக்குகளும் உட்கண்ணாடியில் முழுதாகத் தெரிந்த பிறகே இண்டிகேட்டர் போட்டு, தோளுக்கு மேலாகவும் ஒருமுறை பார்த்துவிட்டு, இடது தடத்துக்குத் திரும்புங்கள்.

அடுத்தடுத்து நெருக்கமாக லாரிகள் சென்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே புகுந்து புறப்பட வேண்டியதில்லை. வரிசை முழுவதையும் முந்திய பின் விலகினால் போதும். அதுவரை விளக்கடிப்பவர் காத்திருக்கட்டும், அவரை மிரட்டப் பிரேக்கை மட்டும் தொடாதீர்கள்.