வில்லுக்கும் வெர்புக்கும் நடுவுல டெஃபினிட்லி வரலாமா? தாராளமா வரலாம்

சென்னையில ஒரு கஸ்டமர் சப்போர்ட் கம்பெனியில மெயில் டீம்ல வேலை பாக்கற வாசகி ஒருத்தங்க எழுதியிருக்காங்க. அமெரிக்க கஸ்டமருக்கு "வீ வில் டெஃபினிட்லி ரிசால்வ் திஸ்"னு எழுதினா, குவாலிட்டி செக் பண்றவர் அதை "வீ டெஃபினிட்லி வில் ரிசால்வ் திஸ்"னு மாத்திட்டு மார்க்கும் குறைக்கறாராம். ஹெல்பிங் வெர்பையும் மெயின் வெர்பையும் பிரிக்கவே கூடாது, அதுக்குப் பேரு ஸ்ப்ளிட் வெர்ப்னு சொல்றாராம். கூடவே அவருக்குத் தெரிஞ்சவர் நடத்தற அட்வான்ஸ்டு கிராமர் கோர்ஸ்ல பணம் கட்டிச் சேரவும் சொல்றாராம். நான் எழுதறது தப்பா, கோர்ஸ்ல சேரட்டுமான்னு கேக்கறாங்க.

தப்பு இல்லைம்மா. நீங்க எழுதறதுதான் இயல்பான இங்கிலீஷ். கோர்ஸ்ல சேராதீங்க, அதை அப்புறம் சொல்றேன்.

ஆல்வேஸ், நெவர், ஆஃபன், ஆல்சோ, ப்ராபப்ளி, டெஃபினிட்லி, ஆல்ரெடி, இந்த மாதிரி அட்வெர்ப்னு சொல்ற வார்த்தைங்களுக்கு இங்கிலீஷ்ல சொந்த இடம்னு ஒண்ணு இருக்கு, அது முதல் ஹெல்பிங் வெர்ப் முடிஞ்ச உடனே வர்ற இடம். வில், கேன், மே, ஷுட், மஸ்ட் எது வந்தாலும் சரி, அதுக்கு அடுத்து இது, அப்புறம் மெயின் வெர்ப். "யூ கேன் ஆல்வேஸ் கால் அஸ்", "வீ வில் நெவர் ஷேர் யுவர் டீடெயில்ஸ்". ஹெல்பிங் வெர்ப் ரெண்டு மூணு சேந்து வந்தாலும் முதல் ஒண்ணைத் தாண்டி வெச்சா போதும், "இட் ஷுட் ஆல்ரெடி ஹேவ் பீன் டெலிவர்ட்". இதை நீங்க காதுல கேட்டுக் கேட்டே சரியாப் பிடிச்சிருக்கீங்க, அதைத்தான் ஒருத்தர் உக்காந்து கெடுத்துக்கிட்டு இருக்கார்.

அவர் மாத்தற "வீ டெஃபினிட்லி வில்" இலக்கணப்படி தப்புன்னு நான் சொல்லல. ஆனா அதுல அழுத்தம் வில் மேல போய் விழும். நீங்க செய்ய மாட்டீங்கன்னு ஒருத்தர் சண்டை போட்டதுக்கு அப்புறம், இல்ல நாங்க செய்யத்தான் போறோம்னு எதிர்ப்பேச்சு பேசற தொனி அது. முதல் மெயில்லயே கஸ்டமர்கிட்ட அந்தத் தொனி எதுக்கு? அதனால இது வெறும் அழகு பாக்கற திருத்தம்னும் விட முடியாது, மெயிலோட குணத்தையே மாத்துது.

இந்தத் தடை எங்கேருந்து வந்துச்சுன்னா, டு கோ, டு சே மாதிரி டு-வுக்கும் வெர்புக்கும் நடுவுல எதுவும் வரக் கூடாதுன்னு 19ஆம் நூற்றாண்டுல ஒரு பேச்சு கிளம்புச்சு. லத்தீன்ல அது ஒரே சொல், பிரிக்க வழியில்லை, அதனால இங்கிலீஷ்லயும் பிரிக்காதேங்கறது அதுக்குச் சொல்லப்படற காரணம். அதுவே ஆதாரம் இல்லாத விதி. அதை அப்படியே இழுத்து வில், கேன் மேலயும் போட்டுட்டாங்க. ஃபவுலர்னு ஒரு இங்கிலாந்து அகராதிக்காரர், இதுக்குத் தடையே கிடையாதுன்னு 1926லயே தெளிவா எழுதிட்டார். அதுக்கு அப்புறமும் அமெரிக்காவுல சில சட்டக் கல்லூரி எடிட்டர்களும் செய்தித்தாள் ஆபீஸ்களும் விடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அங்கேருந்து ஒழுகி நம்ம ஊர் குவாலிட்டி ஷீட் வரைக்கும் வந்திருக்கு.

உங்க குவாலிட்டி ஆளுக்குக் காட்ட நல்ல ஆதாரம் வேணும்னா அமெரிக்க அரசியல் சட்டத்தையே காட்டுங்க. ஜனாதிபதி எடுக்கற உறுதிமொழி அதுல வார்த்தைக்கு வார்த்தை எழுதி வெச்சிருக்கு, 1787ல எழுதினது: "ஐ டூ சாலம்லி ஸ்வேர்", அப்புறம் "ஐ வில் ஃபெய்த்ஃபுலி எக்ஸிக்யூட்". ரெண்டு இடத்துலயும் நடுவுலதான் வருது. 2009 ஜனவரி 20ஆம் தேதி ஒபாமாவுக்கு உறுதிமொழி செஞ்சு வெச்ச தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், தாளைப் பாக்காம சொல்லும்போது அந்த ஃபெய்த்ஃபுலியைத் தூக்கி வரியோட கடைசியில போட்டுட்டார். ஒபாமா தடுமாறி நின்னார், சந்தேகமே வேண்டாம்னு மறுநாள் வெள்ளை மாளிகையில மறுபடி ஒரு தடவை எடுத்தாங்க. பிரிக்காதேங்கற பழக்கம் ராபர்ட்ஸ் மனசுல ஊறிப் போனதுதான் காரணமா இருக்கும்னு மொழியியல் அறிஞர் ஸ்டீவன் பிங்க்கர் அப்பவே எழுதினார். அது அவரோட ஊகம்தான், ஆனா எனக்கு அது நம்பும்படியா இருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு மட்டும் இந்தப் பொய் விதி ஏன் இவ்வளவு சுலபமா ஒட்டிக்குதுன்னா, தமிழ்ல அனுப்புவேன், அனுப்பலாம், அனுப்பணும்னு எல்லாம் ஒரே சொல்லா முடிஞ்சிடும், கண்டிப்பாங்கறது அதுக்கு நடுவுல நுழைய முடியாது, வழக்கமா முன்னாடிதான் நிக்கும். அதனால வில் சென்ட் ஒட்டி இருந்தா நமக்கு மனசு ஒத்துக்குது. ஆனா இங்கிலீஷ்ல அது ரெண்டு தனிச் சொல், நடுவுல இடம் இருக்கு, அந்த இடம் அதுக்காகவே இருக்கு.

இப்ப உண்மையில நீங்க ஜாக்கிரதையா இருக்க வேண்டிய ஒரு இடம் இருக்கு, எந்த குவாலிட்டி ஷீட்டும் இதைப் பிடிச்சு நான் பாத்ததில்ல. அது வோன்ட், கான்ட் மாதிரி நாட் ஒட்டின வெர்ப் வர்ற இடம். அங்க ப்ராபப்ளியும் டெஃபினிட்லியும் முன்னாடி போயிடும். "யூ ப்ராபப்ளி வோன்ட் ரிசீவ் இட் டுடே" சரி, "யூ வோன்ட் ப்ராபப்ளி ரிசீவ் இட்" காதுல உறுத்தும். நாட்ங்கற சொல்லைத் தனியாப் பிரிச்சு எழுதினா மறுபடி நடுவுக்கு வந்திடும், "யூ வில் ப்ராபப்ளி நாட் ரிசீவ் இட்". ஸ்டில்லும் முன்னாடிதான், "வீ ஸ்டில் கான்ட் ஃபைண்ட் யுவர் ஆர்டர்". ஆனா ஆல்வேஸ் அப்படிப் போகாது, "வீ கான்ட் ஆல்வேஸ் ரீஃபண்ட்"னா எல்லாத் தடவையும் பணம் திருப்ப முடியாது, சில தடவை முடியும்னு அர்த்தம், அதை முன்னாடி தள்ளி "வீ ஆல்வேஸ் கான்ட்"னு எழுதிடாதீங்க, நம்ம ஊர் மெயில்ல இது நிறைய வருது. ரியலி இன்னும் நுணுக்கம். "ஐ கான்ட் ரியலி சே"ன்னா சரியாச் சொல்லத் தெரியலங்கன்னு மெதுவாச் சொல்றது, "ஐ ரியலி கான்ட் சே"ன்னா என்னால சொல்லவே முடியாதுன்னு கதவைச் சாத்தறது. கஸ்டமர் கோவப்படறதும் படாததும் இந்த ஒரு சொல் எங்க நிக்குதுங்கறதுல இருக்கு. இதைப் பழகுங்க, ஒரு வாரம் நீங்க அனுப்பின மெயில்ல வோன்ட், கான்ட் வர்ற வரியை மட்டும் எடுத்துப் பாருங்க.

இன்னொண்ணு, வெர்புக்கும் அது எதைச் செய்யுதோ அதுக்கும் நடுவுல வெக்காதீங்க. "வீ வில் ரிசால்வ் டெஃபினிட்லி யுவர் இஷ்யூ"ன்னு எழுதினா அதுதான் தப்பு. வெல், ஃபாஸ்ட், டுமாரோ மாதிரி வார்த்தைங்க கடைசிக்குப் போகட்டும். இவ்வளவு போதும் உங்க வேலைக்கு.

கோர்ஸ் விஷயம். மார்க் குறைக்கறவரே கோர்ஸுக்கும் ஆள் சேர்த்து விட்டா அதுல சந்தேகப்பட வேண்டியதுதான். இல்லாத தப்பைக் கண்டுபிடிச்சு, அதைத் திருத்தக் காசு வாங்கற வியாபாரம் இங்கிலீஷ் பேரைச் சொல்லி ரொம்ப நாளா நடக்குது. ஆராய்ச்சிக் கட்டுரையைத் திருத்தித் தர்றோம்னு வார்த்தைக்கு இவ்வளவுன்னு வாங்கற ஏஜென்டுங்க, ஃபைல் முழுக்கச் சிவப்பாத் தெரியணும்னு சரியா இருக்கற அட்வெர்பை எல்லாம் இடம் மாத்தி வெப்பாங்க, மாணவர் பாவம், எவ்வளவு தப்பு பண்ணியிருக்கோம்னு பயந்து பணத்தைக் கொடுத்துடுவாங்க. வெளிநாடு போக எழுதற ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் பரிட்சைப் பக்கமும் ஸ்ப்ளிட் வெர்ப் எழுதினா பேண்ட், அதாவது மதிப்பெண், குறையும்னு மிரட்டறவங்க உண்டு. அந்தப் பரிட்சையில ரைட்டிங்குக்கு எதை வெச்சு மார்க் போடறாங்கன்னு பட்டியல் இலவசமாவே வெளியிட்டிருக்காங்க, கிராமருக்கு நாலுல ஒரு பங்கு, அதுல இந்த மாதிரி ஒரு விதியே கிடையாது. பள்ளிக்கூடத்துல வில், ஷால் அட்டவணையைப் பன்னெண்டு வருஷம் மனப்பாடம் பண்ண வெச்சாங்க, அட்வெர்ப் எங்க நிக்கும்னு ஒரு பீரியட் சொல்லிக் கொடுத்திருந்தா இன்னிக்கு இவங்களுக்கு வேலையே இருந்திருக்காது. எனக்கு இதுல உண்மையிலயே கோவம் வருது.

நீங்க செய்ய வேண்டியது, உங்க கிளையன்ட் கொடுத்த ஸ்டைல் கைடுல இந்த விதி இருக்கான்னு கேளுங்க. இருந்தா அவங்க வீட்டு வழக்கம்னு அவங்க சொன்னபடி எழுதிடுங்க, அதுக்காக அது இலக்கணம்னு நம்பிடாதீங்க. இல்லைன்னா எந்தப் பக்கத்துல இருக்கு காட்டுங்க, குறைச்ச மார்க்கைத் திருப்பிப் போடுங்கன்னு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. டீம் மீட்டிங்ல வாய்வார்த்தையா கேக்காதீங்க, தனி மெயில்ல கேளுங்க, பதில் எழுத்துல வரட்டும்.