ஒல்லியான நடுக்கள வீரன் ஐ.எஸ்.எல்.லில் தாக்குப்பிடிப்பானா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. உயரம் 167 செ.மீ., எடை 55 கிலோ. அல்சூரில் ஒரு கிளப்பின் இளையோர் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடுகிறான். பந்து அவன் காலில் இருக்கும்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஆனால் போன மாதம் பெரியவர்களோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் மூன்று முறை இடித்துத் தள்ளப்பட்டு விழுந்தான். "உடம்பு ஏறாமல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பக்கம் தலைவைத்தும் படுக்காதே" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஜிம்மில் ஒரு புரதப் பவுடர் டப்பாவின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கித் தரலாமா? இந்த உடம்போடு பெரிய லீக்கில் ஆட முடியுமா?
- ஒரு தாய், பெங்களூரு

பதில்: டப்பா இருக்கட்டும். அந்த மூன்று முறையும் அவன் எப்படி விழுந்தான்? அதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

இந்த ஊர் மைதானங்களின் ஓரத்தில் இருபது ஆண்டுகளாக நிற்கிறேன். ஆஸ்டின் டவுனில் உங்கள் மகனைப் போலவே ஒரு பையன் இருந்தான். ஒவ்வொரு ஆட்டத்திலும் விழுவான், எழுந்து நடுவரைப் பார்ப்பான். அவன் அக்காவிடம் போனைக் கொடுத்து, "பந்தை விடு, தம்பியின் தலையை மட்டும் படம் எடு" என்றேன். அன்று மாலை வீடியோவைப் பார்த்தோம். பந்து அவனை நோக்கி உருண்டு வருகிறது. பையன் பந்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பத்துப் பந்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் அதிகம். பந்தை வாங்கும்போது இரண்டு காலையும் ஒரே கோட்டில் ஊன்றி, மார்பை நேராகக் காட்டி நிற்கிறான். அந்த நிலையில் 80 கிலோ ஆளை இடித்தாலும் விழத்தான் செய்வான்.

நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதையே முறையாக எண்ணிப் பார்த்தார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடுக்கள வீரர்கள் பந்து வந்து சேர்வதற்கு முன்னால் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று வீடியோவில் கணக்கெடுத்தார். அதிகம் பார்த்தவர்களின் பாஸ்களே அதிகம் சரியாகப் போய்ச் சேர்ந்தன. இதில் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர் ஃபிராங்க் லம்பார்ட். லம்பார்டுக்கு நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அவரே அவ்வளவு பார்த்தார் என்றால் 55 கிலோ பையன் இரண்டு மடங்கு பார்க்க வேண்டாமா? பின்னால் ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் முதல் தொடுகையிலேயே பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடலாம். இடிக்க வந்தவன் வெற்றிடத்தில் போய் இடிப்பான்.

உங்கள் கூடத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மகனைக் கால்களைச் சேர்த்து நிற்கச் சொல்லி, தோளில் ஒரு தள்ளு தள்ளுங்கள். தடுமாறுவான். அடுத்து, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முழங்கால் சற்று மடங்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நிற்கட்டும். நீங்கள் தள்ளுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் முன்பு அவனே தன் தோளை உங்கள் பக்கம் சாய்க்கட்டும். எடை அதே 55 கிலோதான். ஆனால் இந்த முறை நகர மாட்டான். பந்து எட்டும் தூரத்தில் இருக்கும்போது தோளோடு தோள் முட்டுவது விதிக்கு உட்பட்டது, கையை நீட்டித் தள்ளினால் ஃபவுல். குள்ளமான ஆளுக்கு இடுப்பு தாழ்வாக இருப்பது இங்கே வசதி. மோதல் வரும் என்று காத்திருக்கிறவன் விழுகிறான். தானே முந்திக்கொண்டு மோதுகிறவன் நிற்கிறான். இதற்கு ஜிம் வேண்டாம், தினம் இருபது நிமிடம் முட்டிப் பார்க்க ஒரு நண்பன் போதும்.

இந்த இடத்தில் எல்லோரும் ஷாவி, இனியெஸ்டா, மோட்ரிச் என்று சிறிய உடம்போடு உலகப் புகழ் பெற்ற நடுக்கள வீரர்களின் பட்டியல் ஒன்றைச் சொல்வார்கள். மூவரும் 170 செ.மீ.யை ஒட்டியவர்கள்தான், மார்கோ வெரட்டி இன்னும் குள்ளம். எனக்கு இந்தப் பட்டியலில் பெரிய நம்பிக்கை இல்லை. அவர்களைப் போலவே இருந்து வீட்டுக்குத் திரும்பிப் போன பையன்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் மோட்ரிச்சின் கதையில் ஒரு பகுதி உங்களுக்கு உதவும். குரோஷியாவின் டினாமோ ஜாக்ரெப் கிளப் 18 வயதில் அவரை போஸ்னியாவின் ஸ்ரின்ஸ்கி மோஸ்டார் அணிக்குக் கடனாக அனுப்பியது. முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன லீக் அது. அங்கே ஒரு பருவம் முழுக்க உதைபட்டார். 2008இல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப்புக்குப் போனபோதும் 'இந்த உடம்பு இங்கிலாந்தைத் தாங்குமா' என்றுதான் பேசினார்கள். 2018இல் உலகின் சிறந்த வீரருக்கான பாலோன் டி'ஓர் விருதை வாங்கினார்.

பெங்களூரில் உங்கள் மகனுக்கு மோஸ்டார் எது? சூப்பர் டிவிஷன் என்ற உள்ளூர் லீக், அதற்குக் கீழே உள்ள டிவிஷன்கள். சம்பளத்துக்கு ஆடும் முப்பது வயது ஆட்கள், மேடுபள்ளமான தரை, எல்லா டேக்கிளுக்கும் விசில் ஊதாத நடுவர். ஒரு பருவம் அங்கே ஆடட்டும். தன் வயதுப் பையன்களை மட்டும் ஏமாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த படி தெரியாது. அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் பையன்கள் பெரியவர்களோடு மோதித்தான் ஆட்டம் கற்றார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகம் பெங்களூருக்காரர் என்பதை உங்கள் தெருப் பெரியவர்கள் யாராவது அவனுக்குச் சொல்லியிருப்பார்கள்.

பயிற்சியாளர் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். தற்காப்புக்கு முன்னால் தனியாக நிற்கும் நடுக்கள இடம் இவனுக்கு வேண்டாம். நீண்ட உதைகள் வந்து விழும் இடம் அது. நாள் முழுக்கத் தலையால் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஆஜானுபாகுவான ஆள் இருந்தால்தான் வசதி. அதற்கு ஒரு படி முன்னால், எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் தற்காப்பு வரிசைக்கும் இடையில் ஆடுவதுதான் இவன் பிழைக்கும் வழி. இன்னொன்றும் உண்டு. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே, குளிர்ந்த ஊர். கொச்சியிலும் சென்னையிலும் புழுக்கத்தில் ஆடும்போது கனத்த உடம்பு சீக்கிரம் சூடேறும். மெலிந்த உடம்பு வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். 75ஆவது நிமிடத்தில் எதிராளி மூச்சு வாங்கும்போதுதான் இவன் ஆட்டம் தொடங்க வேண்டும்.

உடம்புக்கு வருகிறேன். மார்பும் கைத்தசையும் அல்ல, தொடை, இடுப்பு, கெண்டைக்கால், வயிறு. வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிடம், ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். எடை தூக்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்பது பழைய பயம். சரியான மேற்பார்வை இருந்தால் இந்த வயதுக்கு ஆபத்து இல்லை. அவன் எந்த மாதத்தில் பிறந்தவன் என்றும் பாருங்கள். வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துக் கணக்கிடப்படுகிறது. டிசம்பரில் பிறந்தவன் ஜனவரியில் பிறந்தவனோடு பதினோரு மாதம் குறைவான உடம்போடு மோதுகிறான். ஆண்களுக்கு இருபதைத் தாண்டியும் தசை கூடும். வருடத்துக்கு இரண்டு மூன்று கிலோ தானாக ஏறினால் போதும், அவசரமாக எட்டு கிலோ ஏற்றினால் அவனுடைய ஒரே சொத்தான திரும்பும் வேகம் போய்விடும்.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.6 முதல் 2 கிராம். இவனுக்கு ஏறத்தாழ 90 முதல் 110 கிராம். நான்கு முட்டை, அரை லிட்டர் பால், ஒரு வேளை கோழியோ மீனோ, சாயங்காலம் ஒரு கிண்ணம் சுண்டல், சாப்பாட்டில் பருப்பு, தயிர் என்றால் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும். நான் பார்த்த ஒல்லிப் பையன்களில் பெரும்பாலோருக்குப் புரதத்தை விட மொத்தச் சாப்பாடே குறைவு. காலையில் இரண்டு இட்லி, பயிற்சி முடிந்து நெரிசலில் வீடு சேர்வதற்குள் மணி ஒன்பதரை, களைப்பில் பாதித் தட்டோடு தூங்கிவிடுகிறார்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் சாப்பிட வாழைப்பழமும் இரண்டு முட்டையும் பையில் வைத்து அனுப்புங்கள்.

பவுடர் விஷமல்ல, பெரும்பாலும் பாலிலிருந்து எடுத்த புரதம்தான். ஆனால் எங்கே தயாரானது என்று தெரியாத டப்பாக்களில் தடை செய்யப்பட்ட மருந்து கலந்திருப்பதுண்டு. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால் "ஜிம்மில் கொடுத்தார்கள்" என்பது செல்லாது. வாங்கிவிட்டீர்களா? சீலை உடைக்காமல் இருந்தால் பில்லோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அவன் தலையை மட்டும் படம் எடுக்க யாரையாவது அனுப்புங்கள்.