இங்கிலாந்தில் வீட்டைக் கதகதப்பாக்க அரசு பணம் தருகிறதாமே, வாசலுக்கு வருபவர்களை நம்பிக் கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். நீங்கள் கேள்வியில் எழுதியிருப்பது இதுதான்: மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பழைய வீடு வாங்கி இது முதல் குளிர்காலம், கேஸ் பில்லைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் கதவைத் தட்டி "அரசுத் திட்டம், சுவருக்கு இன்சுலேஷன் எல்லாம் இலவசம், இந்த வாரத்தோடு முடிகிறது" என்கிறார். அரசு உதவி இருப்பது உண்மை, நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வாசலில் நிற்பவரிடம் இன்றே கையெழுத்துப் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துப் படியுங்கள்.

நான் இருப்பது கவென்ட்ரியில், 1930களில் கட்டிய செமி டிடாச்டு வீடு, ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. 2014இல் இதே மாதிரி ஒருவர் வந்தார், இதே வசனம். இலவசம் என்றதும் நாங்கள் வேறு எதுவும் கேட்கவில்லை. மறுவாரம் இரண்டு பேர் வந்து வெளிச்சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு, குழாய் வழியாகச் சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சை (அதுதான் இன்சுலேஷன்) அடித்து, ஓட்டையைச் சிமெண்ட் வைத்து மூடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். முதல் குளிர்காலம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது குளிர்காலத்துக்குக் கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருந்தார். மேற்குப் பக்கத்து அறையை அவருக்குக் கொடுத்தோம், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கரும்புள்ளி புள்ளியாகப் பூஞ்சை வந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. டிசம்பர் முழுக்க அம்மாவுக்கு இருமல். இந்த ஊர்க் குளிருக்குப் பழகாத உடம்பு என்று நினைத்து மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அலமாரியை நகர்த்திய அன்றுதான் விஷயம் புரிந்தது.

பிறகு காசு கொடுத்து ஒரு சர்வேயரை வரவழைத்தோம். சின்ன ஓட்டை போட்டுக் கேமராவை உள்ளே விட்டுக் காட்டினார். அடித்த பஞ்சு நனைந்த துணி மாதிரிச் சுருண்டு கிடந்தது. அவர் விளக்கியதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கலாம். இந்த மாதிரி வீடுகளில் சுவர் ஒன்றல்ல, இரண்டு. நடுவில் இரண்டு அங்குலம் போல வெற்றிடம், அதைத்தான் கேவிட்டி என்கிறார்கள். மழை வெளிச்சுவரை நனைத்து ஊடுருவினாலும், அந்த இடைவெளியில் வழிந்து கீழே போய்விடும், உட்சுவருக்கு வராது. சும்மா விட்ட இடம் இல்லை அது. வெளிச்சுவர் நல்ல நிலையில் இருந்து, மழை அதிகம் அடிக்காத பக்கம் என்றால் அதில் பஞ்சை நிரப்புவது நல்ல காரியம், லட்சக்கணக்கான வீடுகள் அப்படி நன்றாகவே இருக்கின்றன. எங்கள் வீட்டில் செங்கல் இடுக்குப் பூச்சு உதிர்ந்திருந்தது, மேற்குச் சுவரில் சாரல் நேராக அடிக்கும், உள்ளே கட்டிய காலத்துச் சிமெண்ட் கட்டிகள் வேறு கிடந்தன. யாராவது அரை மணி நேரம் பார்த்திருந்தால் "முதலில் சுவரைப் பூசுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். யாரும் பார்க்கவில்லை. பஞ்சை உறிஞ்சி வெளியே எடுக்கச் சுமார் 2,000 பவுண்ட் ஆனது. போட்ட நிறுவனம் அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததோ என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2022க்குப் பிறகு அரசுத் திட்டங்களின் கீழ் வெளிச்சுவரின் மேல் போட்ட இன்சுலேஷனில் 98 சதவீதம் பெரிய குறையோடு இருக்கிறது, சரிசெய்தாக வேண்டும் என்றது. உட்புறச் சுவரில் போட்டதில் 29 சதவீதம். படித்தபோது எனக்குக் கோபத்தை விட வருத்தம்தான் அதிகமாக வந்தது. திட்டம் ஏழை வீடுகளைத் தேடிப் போனது சரி, ஆனால் போன வேகத்தில் வேலை தெரிந்த ஆட்களோ சரியான மேற்பார்வையோ கூடப் போகவில்லை. அப்படிப் போட்டவர்களுக்குச் செலவில்லாமல் சரிசெய்து தர வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. உங்கள் வீட்டை விற்றவர் அந்தக் காலத்தில் இன்சுலேஷன் போட்டிருந்தால் அந்தக் காகிதங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சரி, இப்போது உதவிகளுக்கு வருகிறேன். நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் ஈகோ திட்டம் 2013 ஜனவரியில் தொடங்கியது. அரசுக் கஜானாவிலிருந்து வரும் பணம் இல்லை அது, எரிவாயு, மின்சார நிறுவனங்கள் மேல் போட்ட கடமை, செலவு எல்லோருடைய பில்லிலும் சேர்ந்து வந்தது. அதை முடிவுக்குக் கொண்டுவருவதாக 2025 நவம்பர் நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்துவிட்டார். அதனால் "ஈகோ இலவசம்" என்று இப்போது கதவைத் தட்டுகிறவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். அதற்குப் பதிலாக 2026 ஜனவரியில் வார்ம் ஹோம்ஸ் பிளான் வந்தது, 1,500 கோடி பவுண்ட் என்று சொல்கிறார்கள். உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது அந்தந்த ஊர் கவுன்சில் (உள்ளாட்சி) வழியாக வரும் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட் என்ற மானியம். வீட்டு வருமானம் ஆண்டுக்கு 36,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும், அல்லது குறிப்பிட்ட பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) வாங்க வேண்டும், அல்லது பட்டியலில் உள்ள அஞ்சல் குறியீட்டில் வீடு இருக்க வேண்டும். கூடவே வீட்டின் ஈபிசி தரம், அதாவது வீடு எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துகிறது என்று ஏ (நல்லது) முதல் ஜி (மோசம்) வரை போடும் மதிப்பு, டி முதல் ஜி வரைக்குள் இருக்க வேண்டும். ஈபிசி சான்றிதழ் பத்து வருடம் செல்லும், உங்கள் வீட்டுக்கு என்ன தரம் என்று அரசுத் தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் இலவசமாகவே தெரிந்துவிடும். விண்ணப்பத்தை அரசுத் தளத்திலேயே போடுங்கள், நடுவில் ஆள் தேவையே இல்லை. இதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து, வேல்ஸில் நெஸ்ட் என்று தனித்தனி.

விசாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பொது நிதி வாங்கக் கூடாது என்ற நிபந்தனை உங்கள் விசாவில் இருந்தால் பெனிஃபிட் வழியாகத் திறக்கும் கதவுகள் உங்களுக்கு இல்லை. நண்பர் சொன்னார், வாட்ஸாப்பில் வந்தது என்று எதிலும் டிக் போட்டுவிடாதீர்கள், நிபந்தனையைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். ஆனால் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் வருமானமும் கேட்காது, பெனிஃபிட்டும் கேட்காது. கேஸ் பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப், அதாவது வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து வீட்டுக்குத் தரும் மின் இயந்திரம், வைத்தால் 7,500 பவுண்ட் மானியம். 2022இல் தொடங்கியபோது 5,000ஆக இருந்தது, 2023 அக்டோபரில் கூட்டினார்கள். பணம் உங்கள் கைக்கு வராது, எம்சிஎஸ் சான்றிதழ் (இந்த மாதிரிக் கருவிகளைப் பொருத்துகிறவர்களுக்கான தரச் சான்று) உள்ள நிறுவனம் விண்ணப்பித்து உங்கள் பில்லில் கழித்துக்கொள்ளும். இன்சுலேஷன், ஹீட் பம்ப், சோலார் எல்லாவற்றுக்கும் நிறுவனமே வாங்கிப் பொருத்தித் தந்தால் 2027 மார்ச் 31 வரை வாட் வரி பூஜ்யம், இதை யாரும் சொல்வதில்லை, கொட்டேஷனில் 20 சதவீதம் போட்டிருந்தால் கேளுங்கள்.

ஆனால் ஹீட் பம்ப்பை முதல் வேலையாக எடுக்காதீர்கள். நான் எதை எந்த வரிசையில் செய்தேன் என்று சொல்கிறேன். பஞ்சை எடுத்துச் சுவர் காய்ந்து, வெளியே இடுக்குகளைப் பூசி முடித்த பிறகு முதலில் லாஃப்டுக்கு, அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணுக்கு, போனேன். கூரை வழியாகப் போகிற சூடு ஏராளம், இன்சுலேஷனே இல்லாத வீட்டில் நாலில் ஒரு பங்கு அங்கேதான் போகிறது. எங்கள் லாஃப்டில் பழைய பஞ்சு நாலு அங்குலம் இருந்தது, அதற்கு மேல் குறுக்கே இன்னொரு அடுக்கு விரித்து 270 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். கூரை ஓரங்களில் காற்று போகிற வழியை மட்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் மரச் சட்டங்கள் வேர்த்து மக்கும். இதே காரணத்துக்காகவே கூரையின் அடியில் நுரையை அடித்துத் தருகிறேன் என்று வருகிறவர்களையும் விலக்குங்கள், அது அடித்த வீட்டுக்குப் பல வங்கிகள் அடமானக் கடன் தரத் தயங்குகின்றன, விற்கும்போது தெரியும் வலி. அப்புறம் கதவிடுக்கு, கடிதம் போடும் துவாரம், பயன்படுத்தாத புகைபோக்கி. இவற்றுக்கு மொத்தமே நூறு பவுண்டுக்குள் ஆனது, அன்று இரவே வித்தியாசம் தெரிந்தது. பாய்லரில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு 75 டிகிரியில் வைத்திருந்தார்கள், 60க்குக் குறைத்தேன். எங்களுடையது தொட்டியில் சேமிக்காமல் உடனுக்குடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லர், அதனால் பிரச்சினை இல்லை. வெந்நீர்த் தொட்டி உள்ள வீடு என்றால் தொட்டித் தண்ணீர் 60 டிகிரிக்குக் குறையக் கூடாது, கிருமி வளரும்.

இதோடு சேர்த்து, நம் வீடுகளுக்கு மிக முக்கியமானது காற்றோட்டம். ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளியே வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த சுவரும் அப்படித்தான் வேர்க்கும், அந்த ஈரத்தில்தான் பூஞ்சை வரும். தினமும் சோறு, இட்லி, ரசம், கூடவே ரேடியேட்டர் மேல் காயப் போட்ட துணி, நாலு பேர் குளியல் என்று நாம் வீட்டுக்குள் விடும் ஆவி கொஞ்சநஞ்சமில்லை. சந்து பொந்தெல்லாம் அடைத்து இன்சுலேஷனும் போட்டுவிட்டு ஆவி போக வழி வைக்காவிட்டால் வீடு கதகதப்பாகாது, புழுங்கும். சமையலறையிலும் குளியலறையிலும் ஈரத்தைப் பார்த்துத் தானாக ஓடும் மின்விசிறி வைத்தேன். அரசுப் பணத்தில் நடக்கும் வேலை பாஸ் 2035 என்ற தரத்தின்படி நடக்க வேண்டும், அதன்படி வேலைக்கு முன் ஒருவர் வந்து வீடு முழுக்கப் பார்த்துக் காற்றோட்டத்தையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும். உங்களிடம் வருகிறவரைக் கேளுங்கள்: மதிப்பீட்டாளர் யார், என்றைக்கு வருவார், காற்றோட்டத்துக்கு என்ன செய்வீர்கள். பதில் மழுப்பலாக வந்தால் கதவைச் சாத்துங்கள். ட்ரஸ்ட்மார்க் என்ற, வீட்டு வேலை நிறுவனங்களைப் பதிவு செய்யும் அமைப்பின் தளத்தில் நிறுவனத்தின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள், அட்டையில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

உங்கள் சுவர் எது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வெளியே பூச்சில்லாத செங்கலைப் பாருங்கள், எல்லாச் செங்கலும் நீளவாட்டில் தெரிந்தால் பெரும்பாலும் கேவிட்டி. நீளம், கட்டை, நீளம், கட்டை என்று மாறி மாறித் தெரிந்தால் அது நடுவில் இடைவெளி இல்லாத ஒற்றைத் திண்ணச் சுவர், அதில் ஓட்டை போட்டுப் பஞ்சடிக்க முடியாது. ஜன்னல் ஓரத்தில் சுவரின் கனத்தை அளந்து பாருங்கள், 26 சென்டிமீட்டருக்கு மேல் என்றால் கேவிட்டி இருக்க வாய்ப்பு அதிகம். 1920களுக்கு முன் கட்டிய வீடுகள் அனேகமாகத் திண்ணச் சுவர்தான்.

ஹீட் பம்ப் நான் கடைசியாக, 2024இல் வைத்தேன். மொத்தம் 11,800, மானியம் போக என் கையிலிருந்து 4,300 பவுண்ட். அறை அறையாகச் சூடு எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்குப் போட்டு, இரண்டு ரேடியேட்டரைப் பெரிதாக மாற்றினார்கள். பில் பாதியாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது மூன்று யூனிட்டுக்கு மேல் சூடு தரும், ஆனால் இங்கே மின்சாரத்தின் விலையும் கேஸ் விலையைப் போல நாலு மடங்குக்குப் பக்கம். எங்களுக்கு பில் கிட்டத்தட்ட முன்பு போலவேதான் வருகிறது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் கொதித்துவிட்டுப் பிறகு ஆறிப்போவது இல்லை, நாள் முழுக்க ஒரே சீராக 19 டிகிரி, அம்மா அறையிலும் சேர்த்து. எனக்கு அதுவே போதும்.

உங்களோடு இங்கேயே குடியுரிமையோடு வாழும் வயதான பெற்றோர் இருந்தால், அவர்களுக்குப் பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) தகுதி உண்டா என்று இன்றே பாருங்கள். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக் கேட்காமல் விடுவது இதைத்தான். அது கிடைத்தால் மின்கட்டணத்தில் 150 பவுண்ட் கழியும் வார்ம் ஹோம் டிஸ்கவுண்டும் கூடவே வரும், கவுன்சில் மானியத்துக்கும் அது கைகொடுக்கும். வாடகை வீடு என்றால் ஈபிசி தரம் 'ஈ'க்குக் கீழே உள்ள வீட்டை, விலக்குப் பெற்றிருந்தால் தவிர, வாடகைக்கு விடவே கூடாது, வீட்டுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

வாசலுக்கு வந்தவரிடம் நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள். இந்தக் குளிருக்கு லாஃப்டும் கதவிடுக்கும் போதும். சுவர் வேலையை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் ஒரு மழைக்காலம் முழுக்க எந்தச் சுவர் நனைகிறது, எது எவ்வளவு நாளில் காய்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.