டிக்கெட் விலை ஒன்று, இறங்கும்போது பில் ஒன்று

கேள்வி: எங்கள் 25-வது திருமண நாளுக்கு ஏழு இரவு சொகுசுக் கப்பலில் போய்வர எனக்கும் கணவருக்கும் ஆசை. தங்குவது, சாப்பாடு, ஆட்டம் பாட்டம் எல்லாம் ஒரே கட்டணத்தில் என்கிறது விளம்பரம். கணக்குப் போட்டால் நல்ல ஹோட்டலை விடக் குறைவு. "இவ்வளவு குறைத்துத் தருகிறான் என்றால் எங்கேயோ கை வைப்பான்" என்கிறார் என் அண்ணன். இன்னும் 48 மணி நேரத்துக்குத்தான் இந்த விலை என்று மின்னஞ்சல் வேறு வருகிறது. நம்பிப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் உங்கள் அண்ணன் சொல்வதிலும் பாதி நிஜம் இருக்கிறது. டிக்கெட் காசு உங்களைக் கப்பலில் ஏற்றுவதற்கு. மீதி வியாபாரம் ஏறிய பிறகுதான் ஆரம்பம்.

ஓர் அறை காலியாகக் கிளம்பினால் அந்த வாரத்து வருமானம் போனதுதான். எரிபொருளும் ஊழியர் சம்பளமும் கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே செலவு. அதனால் விலையைக் குறைத்தாவது அறையை நிரப்பிவிடுவார்கள். உள்ளே ஆள் இருந்தால்தானே வாங்குவதற்கும் ஆள் இருக்கும்! பெரிய கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கப்பலுக்குள் நாம் செய்யும் செலவுதான். மதுபானம், காப்பிக் கடை, தனிக் கட்டண உணவகம், இணையம், மசாஜ், சூதாட்டம், கரைச் சுற்றுலா என்று பட்டியல் நீளும். "எல்லாம் சேர்த்து" என்ற விளம்பரத்தில் இவற்றில் எது சேர்த்தி, எது சேராது என்பதைப் பொடி எழுத்தில்தான் தேட வேண்டும்.

கப்பலில் பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. அறைச் சாவியாக ஓர் அட்டை தருவார்கள், அதைத் தட்டினால் கணக்கில் ஏறிவிடும். நோட்டை எண்ணிக் கொடுத்தால் உறைக்கிற செலவு, அட்டையைத் தட்டும்போது உறைப்பதில்லை. என் முதல் பயணத்தில் புகைப்படக்காரர் எங்கே பார்த்தாலும் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். கடைசி இரவு வந்த பில்லைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

மதுபானப் பேக்கேஜில் ஒரு கண் வையுங்கள். அறையில் ஒருவர் வாங்கினால் இன்னொரு பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்ற விதி பல கம்பெனிகளில் உண்டு. உங்கள் வீட்டில் ஒருவர்தான் குடிப்பவர் என்றால், தினமும் அவர் எத்தனை கோப்பை குடித்தால் இருவருக்கும் கட்டிய காசு தேறும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் தேறாது. இணையம் வேண்டும் என்றால் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள், வழக்கமாகக் கப்பலில் வாங்குவதை விட மலிவு.

கரையில் இறங்கினாலும் சில இடங்களில் அதே கல்லாப்பெட்டிதான். பஹாமாஸில் கோகோகே என்ற தீவை ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி நடத்துகிறது. அங்கேயே இருக்கும் கிரேட் ஸ்டிரப் கே தீவை நார்வீஜியன் என்ற இன்னொரு கம்பெனி 1977-லேயே வாங்கிவிட்டது. கடற்கரை அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே வாடகைக்கு எடுக்கும் பந்தல் வரை காசு போவது கம்பெனிக்கு.

சரி, அந்த 48 மணி நேரம்? முடிந்ததும் வேறு பெயரில் இன்னொரு தள்ளுபடி வரும். "இரண்டாவது ஆளுக்குப் பாதி விலை" என்றால் மொத்தத் தொகையை இரண்டால் வகுத்துப் பாருங்கள், போன வாரத்து விலையே வந்து நிற்கலாம். நாலு கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று நினைப்போம். பிரின்சஸ், கோஸ்டா, ஹாலந்து அமெரிக்கா, குனார்டு நான்குக்குமே கார்னிவல் கார்ப்பரேஷன்தான் முதலாளி.

பில்லில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிப்ஸ் தானாகவே ஏறும். இதை வெட்டச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்து அந்த நாட்டுக் கொடியில் ஓடுகின்றன. ஊழியர் விதிகளும் பெரும்பாலும் அந்தக் கொடியின் கணக்குதான். உங்கள் படுக்கையை விரிப்பவர் மாதக்கணக்கில் வார விடுமுறையே இல்லாமல் உழைப்பவர். கம்பெனி மேல் உள்ள கோபத்தை அவர் மேல் காட்ட வேண்டாம். டிக்கெட்டோடு சேர்த்தே இந்தத் தொகையை எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். வானிலை சரியில்லை என்று ஒரு துறைமுகத்தை விட்டுவிட்டுப் போக கப்பலுக்கு உரிமை உண்டு. ஒரே ஓர் ஊரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம் என்றால் இது உங்களுக்கு ஏற்ற வழி இல்லை. தனியாக ஊர் சுற்றப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அவர்களே நடத்தும் சுற்றுலா என்றால் காத்திருக்கும் அல்லது அடுத்த துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்க்கும். ஏறும் ஊருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். கப்பல் மருத்துவரின் கட்டணம் கடுமையாக இருக்கும், மருத்துவக் காப்பீடு எடுக்காமல் ஏற வேண்டாம்.

போய்வந்த பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். ஒன்று சொல்ல மறந்தேன்: அடுத்த பயணத்துக்கு இப்போதே முன்பணம் கட்டினால் சலுகை என்று கப்பலுக்குள் ஒரு மேசை போட்டிருப்பார்கள். பில் உங்கள் கைக்கு வரும்வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.