கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எளிமையாக வாழ முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் பலர் அலமாரியைக் காலி செய்வதில் தொடங்குகிறார்கள். பழைய துணி மூட்டையாகச் சபைக்குப் போகும், அடுத்த சில மாதத்தில் அலமாரி மறுபடி நிரம்பிவிடும். (கிழிந்த துணியைத் தானம் என்று கொண்டுபோய் வைக்காதீர்கள். அதைத் தரம் பிரித்துக் குப்பையில் போடும் வேலை அங்குள்ள அக்காமார் தலையில் விழுகிறது.)

முதலில் போனைக் கவனியுங்கள். ஷாப்பி, லாசாடா போன்ற ஆன்லைன் கடைகளில் சேமித்துவைத்த கார்டு எண்ணை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்க் கார்டை எடுத்து எண்ணைத் தட்ட வேண்டியிருந்தாலே பாதி ஆசை அடங்கிவிடும். நவம்பர் 11, டிசம்பர் 12-இல் வரும் 11.11, 12.12 தள்ளுபடி விற்பனைக்கு முன்பே தேவைகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். எழுதி 30 நாள் ஆகாததை வாங்குவதில்லை என்று வீட்டில் பேசி வையுங்கள். மருந்து, பள்ளிச் சாமான், பழுதான அடுப்பு இதில் சேராது. இலவச டெலிவரிக்காக இன்னொரு பொருளைக் கூடையில் போடுகிற இடத்தில்தான் அநேகர் சறுக்குகிறார்கள்.

கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுவது அடுத்த பொறி. 3,000 ரிங்கிட் பாக்கி, வட்டி ஆண்டுக்கு 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தபட்சத் தொகையான 5 சதவீதம், அதாவது 150 ரிங்கிட் கட்டினால் ஏறக்குறைய 45 ரிங்கிட் வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 105தான். பாக்கி இறங்க இறங்கக் கட்ட வேண்டிய தொகையும் இறங்குவதால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும்.

நீதிமொழிகள் 30-இல் ஆகூர், தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை எனக்கு அளந்து கொடும் என்று கேட்கிறார். சம்பளம் வந்த அன்றே காணிக்கை, வாடகை, கடன் தவணை மூன்றையும் ஒதுக்கிவிட்டு, மளிகைப் பணத்தை வாரத்துக்கு ஒரு உறையாகப் பிரித்து வைத்தால் அதுவே படி அளப்பதுதான். மலிவு என்று மூட்டை மூட்டையாக வாங்கவும் வேண்டாம். இரண்டு பேர் உள்ள வீட்டில் 10 கிலோ அரிசி நம்மூர்ப் புழுக்கத்தில் வண்டு பிடித்துவிடும். மறுநாளுக்கென்று வைத்த மன்னா புழுத்துப்போனது யாத்திராகமம் 16-இல் இருக்கிறது.

கடையில் குடிக்கும் தே தாரிக் டீயைக் குறைத்துவிட்டு 9 வருடக் கார் கடனில் கையெழுத்துப் போட்டால் கணக்கு உதைக்கும். எல்ஆர்டி, எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில் குடியிருந்தால் மாதம் 50 ரிங்கிட் மை50 பயண பாஸை வைத்துக்கொண்டு இரண்டாவது காரை விட முடியுமா என்று பாருங்கள். சபை கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் மௌனப் போட்டியைப் பிரசங்கத்தில் யாரும் தொடுவதில்லை, தொட வேண்டும்.

மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உறவுக்காரப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, சபையின் உதவி நிதியோ, எதுவானாலும் மாதாமாதம் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். கையில் சும்மா கிடந்தால் அடுத்த மெகா சேலுக்குள் கரைந்துவிடும்.

கடன் ஏற்கெனவே கழுத்தை நெரிக்கிறது என்றால் இதற்கெல்லாம் முன்பு கடன் ஆலோசனை தரும் ஏகேபிகேவுக்குப் (AKPK) போங்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய அமைப்பு, ஆலோசனை இலவசம். சம்பளச் சீட்டு, கார்டு ஸ்டேட்மெண்ட், கடன் ஒப்பந்தங்களை எடுத்துக்கொண்டு கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். ஒருவருக்குத் தெரியாத கடன் இன்னொருவரிடம் இருந்தால் அங்கே போடும் திட்டம் நிற்காது.